ஹைகேட் வழியாக ஆலி பாலி (அலெக்ஸாண்ட்ரா பேலஸ்) போன கிளைப் பாதை: தண்டவாளம் இல்லாத இடத்தில் ஒரு நடை, சில கேள்விகள்

#1 வடலண்டன் நடையன்

ஆடிக் கிருத்திகைக்கு ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கமாக நார்தர்ன் லைன் ட்யூபில் (லண்டன் சுரங்க ரயில்) வந்து ஹைகேட்டில் இறங்கி ஆர்ச்வே ரோட்டில் நடந்துவிடுவேன். இந்த முறை ஃபின்ஸ்பரி பார்க்கிலேயே இறங்கி, பழைய ரயில் பாதையில் நடந்து போனேன். காவடி எடுக்காத குறைக்கு இந்த நடையாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதுவரை போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபின்ஸ்பரி பார்க் பூங்காவின் ஓரத்தில், பிரதான ரயில் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் உண்டு. அதைத் தாண்டினால் பார்க்லேண்ட் வாக் தொடங்குகிறது. சில இடங்களில் கரைமேல் நடக்கிறீர்கள், வீடுகளின் மாடி ஜன்னல் உங்கள் கண்மட்டத்துக்கு வரும். சில இடங்களில் பள்ளத்துக்குள் போய்விடுகிறீர்கள், மேலே சாலைப் பாலம் மட்டும் தெரியும். ஸ்ட்ரௌட் கிரீன் ஸ்டேஷன் இருந்த இடத்தில் பாலம் இருக்கிறது, ஸ்டேஷன் மாஸ்டர் வீடு இருக்கிறது, பிளாட்பாரத்தைக் காணோம். கிரௌச் எண்டில் நேர்மாறு: ஸ்டேஷன் கட்டடம் போய்விட்டது, இரண்டு பக்கமும் பிளாட்பாரம் அப்படியே கிடக்கிறது. அதற்குச் சற்று முன்னால், ஒரு செங்கல் வளைவிலிருந்து ஒரு பச்சை மனிதன் பிதுங்கி வெளியே வருவது போல ஒரு சிலை. நல்ல பகலிலேயே திடுக்கிட்டேன்.

ஹோம்ஸ்டேல் ரோடு அருகே பாதை நின்றுவிடுகிறது. எதிரே இரட்டைச் சுரங்கம், கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. அங்கிருந்து சாலைக்கு ஏறிச் சில நிமிடம் நடந்தால் கோயில்.

கேள்விகள் இவைதான். இந்தப் பாதை எப்போது, ஏன் மூடப்பட்டது? ட்யூப் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இதை ஏன் கட்டினார்கள்? அல்லது இது இருக்கும்போது ட்யூப் ஏன் வந்தது?

#2 பெரம்பூர் பொடியன்

பீச்சிங் பண்ணிய வேலைதான், வேறென்ன. 1960-களில் பிரிட்டிஷ் ரயில்வே தலைவராக இருந்த அவர் போட்ட பட்டியலில் பிரிட்டன் முழுக்க ஆயிரக்கணக்கான மைல் பாதை போனது. லாபமில்லாத கிளைப் பாதை என்றால் அவர் கையெழுத்துத்தான்.

(சென்னையில் உட்கார்ந்துகொண்டு லண்டன் பாதைக்குப் பதில் சொல்கிறேன், பொறுத்தருள்க.)

#3 கூட்ஸ்கார்டு

> பீச்சிங் பண்ணிய வேலைதான், வேறென்ன.

இல்லை தம்பி. பீச்சிங் அறிக்கை 1963-இல் வந்தது. இந்தப் பாதையில் கடைசிப் பயணிகள் வண்டி ஓடியது 1954 ஜூலை 3, சனிக்கிழமை. ஒன்பது வருஷம் முந்தியே கதை முடிந்துவிட்டது. மூடிய பாதை எதைக் கண்டாலும் அவர் தலையில் கட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. பாவம், அவர் கணக்கில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

சரி, முதலிலிருந்து வருவோம்.

பாதைதான் மூத்தது, ட்யூப் இளையது. 1867 ஆகஸ்ட் 22-இல் ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து (அப்போது அந்த ஸ்டேஷனுக்கு செவன் சிஸ்டர்ஸ் ரோடு என்று பெயர்) கிரௌச் எண்ட், ஹைகேட், ஃபிஞ்ச்லி வழியாக எட்ஜ்வேர் வரைக்கும் திறந்தார்கள். தொடங்கிய கம்பெனியின் பெயர் எட்ஜ்வேர், ஹைகேட் அண்ட் லண்டன் ரயில்வே. ஆனால் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே கிரேட் நார்தர்ன் ரயில்வே அதை விழுங்கிவிட்டது. 1872-இல் ஹை பார்னெட்டுக்கு ஒரு கிளை. 1873-இல் ஹைகேட்டிலிருந்து மஸ்வெல் ஹில் வழியாக அலெக்ஸாண்ட்ரா பேலஸுக்கு இன்னொரு கிளை. நீங்கள் தெற்கே நடந்தது மூலப் பாதை. ஆலி பாலிக் கிளை ஹைகேட்டுக்கு வடக்கே பிரிகிறது. அதன் ஒரு துண்டும் இன்று நடைபாதைதான்.

அலெக்ஸாண்ட்ரா பேலஸ் என்பது அரண்மனை அல்ல, மக்கள் பொழுதுபோக்குக் கூடம். கண்காட்சி, கச்சேரி, குதிரைப் பந்தயம் எல்லாம் அங்கே நடக்கும். 1873 மே 24-இல் கூடத்தையும் ரயிலையும் சேர்த்தே திறந்தார்கள். பதினாறாம் நாள் கூடம் எரிந்து சாம்பலாகிவிட்டது. போய்ப் பார்க்க எதுவும் இல்லாத இடத்துக்கு ஒரு புத்தம் புது ரயில் பாதை! சில வாரங்களில் வண்டியை நிறுத்தினார்கள். 1875 மே 1-இல் கூடத்தை மறுபடி கட்டித் திறந்தபோதுதான் ரயிலும் திரும்ப வந்தது. அதற்குப் பிறகும் கூடம் நொடிக்கும்போதெல்லாம் வண்டியும் நிற்கும். பிறந்த ஜாதகமே அப்படி.

#4 சும்மா வந்தவன்

பதினாறு நாளா! எங்கள் ஊரில் கல்யாணப் பந்தல்கூட அதைவிட நாள் நிற்கும்.

#5 கிளிநொச்சிக் கிளி

நான் மஸ்வெல் ஹில்லில் இருபது வருஷமாக இருக்கிறேன். இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். ரயிலில் "அலெக்ஸாண்ட்ரா பேலஸ்" என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அதுதான் பழைய ஸ்டேஷன் என்று நினைப்பார்கள். அது வுட் கிரீன் என்ற பெயரில் இருந்த பிரதான பாதை ஸ்டேஷன், 1980-களில்தான் பெயர் மாற்றினார்கள். மலையடிவாரத்தில் இருக்கிறது, மேலே ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். கார்டு ஐயா சொல்லும் பழைய ஸ்டேஷன் கூடத்தின் முதுகை ஒட்டி, மலை உச்சியிலேயே இருந்தது. இறங்கினால் கூடத்துக்குள்ளேயே போய்விடலாம். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ஆனால் பக்கத்தில் தண்டவாளம் இல்லை.

எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு. மஸ்வெல் ஹில்லுக்கு ரயிலும் கிடையாது, ட்யூபும் கிடையாது. எங்கே போவதென்றாலும் பஸ்தான், அதுவும் மலையேறி இறங்கும் பஸ். ஒருமுறை மகளின் பரீட்சைக்கு ஃபின்ஸ்பரி பார்க் போய்ச் சேருவதற்குள் நான் பட்ட பாடு! அந்தப் பாதை இருந்திருந்தால் நாலு ஸ்டேஷன் தாண்டி ஐந்தாவதில் இறங்கியிருப்போம். வளர்ந்த ஊருக்கு இருந்த ரயிலைப் பிடுங்கியது யார் என்பதைச் சொல்லுங்கள் ஐயா.

#6 கூட்ஸ்கார்டு

நாலைத் தாண்டி ஐந்து, சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள் அம்மா: கிரேன்லி கார்டன்ஸ், ஹைகேட், கிரௌச் எண்ட், ஸ்ட்ரௌட் கிரீன், அப்புறம் ஃபின்ஸ்பரி பார்க். கிரேன்லி கார்டன்ஸ் 1902-இல்தான் திறந்தது. அந்தச் சமயம் மஸ்வெல் ஹில்லில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கூடம் கைவிட்ட பாதையைக் காலையில் ஆபீஸ் போகிறவர்கள் காப்பாற்றினார்கள்.

பிடுங்கியது யார் என்றால், ஒரு ஆளைக் காட்ட முடியாது. நான் சொல்லுவது இதுதான்: நல்லது செய்யத் தொடங்கிய ஒரு திட்டம் பாதியில் நின்றதால் செத்த பாதை இது. தொடங்காமலே இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் பிழைத்திருக்கும். முடித்திருந்தால் இன்றைக்கும் ஓடும்.

1935-இல் நியூ ஒர்க்ஸ் புரோகிராம் என்று 4 கோடி பவுண்டு மதிப்பில் லண்டனுக்கு ஒரு பெரும் திட்டம் போட்டார்கள். அதில் இந்தப் பகுதிக்கு நார்தர்ன் ஹைட்ஸ் என்று பெயர். கரி எஞ்சின் ஓடிய இந்தப் பாதைகளையெல்லாம் மின்மயமாக்கி ட்யூபோடு இணைப்பது திட்டம். இரண்டு முனைகளில் இணைப்பு. ஒன்று, ஆர்ச்வே வரை வந்திருந்த ட்யூபைச் சுரங்கத்தில் நீட்டி, ஹைகேட்டுக்கு அடியில் புகுத்தி, ஈஸ்ட் ஃபிஞ்ச்லியில் மேலே கொண்டுவந்து பழைய தண்டவாளத்தோடு சேர்ப்பது. இன்னொன்று, மூர்கேட்டிலிருந்து ஃபின்ஸ்பரி பார்க்குக்கு அடியில் வந்து நின்ற நார்தர்ன் சிட்டி லைனை மேலே ஏற்றி, கிரௌச் எண்ட் வழியாக ஹைகேட்டுக்கும் ஆலி பாலிக்கும் ஓட்டுவது.

முதலாவது நடந்தது. 1939 ஜூலை 3-இல் ட்யூப் ஈஸ்ட் ஃபிஞ்ச்லிக்கு வந்தது. 1940 ஏப்ரலில் ஹை பார்னெட். 1941 ஜனவரியில் ஹைகேட் சுரங்க ஸ்டேஷன். 1941 மே மாதம் மில் ஹில் ஈஸ்ட், அதுவும் அங்கே ராணுவ முகாம் இருந்ததால்.

இரண்டாவது? வேலை தொடங்கி, பாதியில் போர் வந்து நின்றது. அப்போதைய ட்யூப் வரைபடத்தில் இந்தப் பாதைகளை "கட்டுமானத்தில்" என்று கோடு போட்டுக்கூடக் காட்டியிருந்தார்கள்.

விளைவைப் பாருங்கள். ஹைகேட்டில் கீழே மின்சார ட்யூப், மூச்சுக்கு ஒரு வண்டி, நேராக நகரத்தின் நடுவுக்கு. மேலே கரி எஞ்சின், அதுவும் ஃபின்ஸ்பரி பார்க்கோடு நிற்கும், இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். போர்ச் சிக்கனம் என்று மதிய வண்டிகளையும் எடுத்துவிட்டார்கள். காலை, மாலை ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் ஓடியது. யார் ஏறுவார்கள்? "பயணிகள் இல்லை" என்று பிறகு சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் பயணிகளைத் துரத்தியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

#7 பெரம்பூர் பொடியன்

பீச்சிங்கிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 😀

ஒரு சந்தேகம் சார். போர் 1945-இல் முடிந்துவிட்டதே, அப்புறமாவது முடித்திருக்கலாமே? பாதி வேலை முடிந்தது என்கிறீர்கள்.

#8 கூட்ஸ்கார்டு

போருக்குப் பிறகு பணம் இல்லை, இரும்பு இல்லை. சேதமான பாதைகளைச் சரிசெய்யவே போதவில்லை. அதோடு இன்னொரு விஷயம். நார்தர்ன் ஹைட்ஸ் திட்டத்தில் எட்ஜ்வேருக்கும் அப்பால் புஷி ஹீத் வரை புதுப் பாதை போடுவதாக இருந்தது. அங்கே வீடுகள் வரும், பயணிகள் வருவார்கள் என்பது கணக்கு. போருக்குப் பிறகு லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் என்று சட்டமாகி, அந்த நிலத்தில் வீடு கட்ட முடியாது என்றாகிவிட்டது. வீடில்லாத வயலுக்கு எதற்கு ட்யூப்? அதை விட்டார்கள். ஆல்டன்ஹாமில் ட்யூப் வண்டிகளுக்காகத் தொடங்கிய பணிமனை, கடைசியில் பஸ் பழுதுபார்க்கும் பட்டறையானது. முழுத் திட்டத்தின் உயிரும் அங்கேதான் போனது. ஆலி பாலித் துண்டு தனியாக மிஞ்சி, கேட்பாரில்லாமல் நின்றது.

1951 அக்டோபரில் நிலக்கரித் தட்டுப்பாடு என்று வண்டியை நிறுத்தினார்கள். 1952 ஜனவரி 7-இல் திரும்பவும் விட்டார்கள். இந்த இடைவெளியில் ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். கறிவேப்பிலையை ஒருதரம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால், இல்லாமலும் சாப்பிடலாம் என்று தெரிந்துவிடுமே, அந்தக் கதை. இரண்டரை வருஷம் கழித்து மொத்தமாக மூடினார்கள்.

#9 வடலண்டன் நடையன்

கார்டு ஐயா, உங்களைப் போல ஒருவர் பதில் சொல்வார் என்றுதான் கேட்டேன். நன்றி.

அப்படியானால் நான் வழியில் பார்த்த கான்கிரீட் குட்டைக் கம்பங்கள் மின்மயமாக்கலுக்கு வைத்தவையா? புதருக்குள் அங்கங்கே நிற்கின்றன. வேலிக்கால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

#10 கூட்ஸ்கார்டு

ஆமாம், கேபிள் தாங்கிகள். வராத மின்சாரத்துக்காகக் காத்து நிற்கின்றன. அதைவிட விசித்திரம் ஹைகேட் மேல் ஸ்டேஷன். மூடப் போகும் பாதைக்குப் புத்தம் புது ஸ்டேஷன் கட்டினார்கள் தெரியுமா? பழைய நடைமேடையை இடித்துவிட்டு, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே தீவு மேடையாக, கான்கிரீட் கூரையோடு எழுப்பினார்கள். லண்டன் ட்யூப் ஸ்டேஷன்களுக்குப் பேர்போன சார்லஸ் ஹோல்டன் வடிவமைப்பு. மேலே ரயில், கீழே ட்யூப், நடுவில் டிக்கெட் கூடம். மேலே இருப்பவர் படியில் இறங்குவார், கீழே இருப்பவர் எஸ்கலேட்டரில் ஏறுவார், இருவரும் நடுவில் சந்திப்பார்கள். நல்ல யோசனை. இன்று நீங்கள் ஹைகேட்டில் டிக்கெட் காட்டி வெளியே வரும்போது உங்கள் தலைக்கு நேர் மேலே அந்த மேடை கிடக்கிறது. இரண்டு முனையிலும் இரட்டைச் சுரங்க வாய், நடுவில் பள்ளம், மரங்கள். லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் அவ்வப்போது ஆட்களை டிக்கெட் போட்டுக் கூட்டிப் போகிறது.

#11 சும்மா வந்தவன்

ஹைகேட் கீழ் ஸ்டேஷனில் போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து ஜனங்கள் படுத்திருந்தார்களே, அங்கேதானே அமெரிக்க டி.வி. புகழ் ஜெர்ரி ஸ்பிரிங்கர் பிறந்தார்? 1944-இல். அவரே சொல்லியிருக்கிறார்.

தலைப்புக்குச் சம்பந்தமில்லை, தெரியும். சும்மா வந்தேன்.

#12 கிளிநொச்சிக் கிளி

கட்டடம் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது, கரை இருக்கிறது. பிறகென்ன? தண்டவாளம் போட்டு ஓட்ட வேண்டியதுதானே? மக்கள் தொகை அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு.

#13 வௌவால் வீடு

அம்மா, தயவுசெய்து வேண்டாம். இதற்காகத்தான் இந்த இழைக்குள் வந்தேன்.

ஹைகேட் சுரங்கங்கள் சும்மா பூட்டிக் கிடக்கவில்லை. குளிர்காலம் முழுக்க வௌவால்கள் உள்ளே உறங்குகின்றன. அதனால்தான் ஆட்களை விடுவதில்லை. நடைபாதை முழுவதும் உள்ளூர் இயற்கைக் காப்பிடம். ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஆலி பாலி வரை சேர்த்தால் சுமார் 5 கி.மீ. வரும். ஜல்லி கொட்டியிருந்த வறண்ட நிலத்தில் முதலில் பூச்செடி வந்தது, பின்னால் புதர், பின்னால் சைக்கமோர், ஆஷ் மரங்கள். யாரும் நடவில்லை.

இது தானாகக் கிடைத்ததும் அல்ல. தண்டவாளத்தை எடுத்த பிறகு இந்த நிலத்தில் வீடு கட்டும் யோசனை வந்தது, ஊர்க்காரர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். 1984-இல் நடைபாதையாக முறைப்படி திறந்தார்கள். சில வருஷத்தில் அரசாங்கத்தின் ஆலோசகர்கள் இதன் மேல் கார்ச் சாலை போடலாம் என்று வரைபடம் நீட்டினார்கள். அதையும் எதிர்த்து 1990-இல் விரட்டினார்கள். இரண்டு முறை காப்பாற்றிய இடத்தை மூன்றாம் முறை ரயிலுக்குக் கேட்டால் எப்படி?

பச்சை மனிதன் பற்றி நடையன் சொல்லியிருந்தார். அதன் பெயர் ஸ்பிரிகன். மெரிலின் காலின்ஸ் என்ற சிற்பி 1993-இல் செய்தது. என் பையன் சின்ன வயதில் அந்த இடம் வந்ததும் என் தோளில் ஏறிக்கொள்வான்.

#14 கிளிநொச்சிக் கிளி

வௌவாலுக்கு இருக்கிற அக்கறை மனிசருக்கு இல்லையா என்று எழுத வந்தது, எழுதவில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் நடக்கிறேன், மறைக்க மாட்டேன். ஆனால் சாலைக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் உண்டு தம்பி. ஒரு ரயில் போனால் எத்தனை கார் குறையும்? அதுவும் இயற்கைக் கணக்கில் வர வேண்டாமா?

#15 கூட்ஸ்கார்டு

இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றால் அடி எனக்குத்தான் விழும். இருந்தாலும் சொல்லுகிறேன். எனக்கு ரயில்தான் உயிர், ஆனால் இங்கே ரயில் திரும்ப வராது. வௌவாலுக்காக இல்லை, இரண்டு முனையும் அடைபட்டதால்.

வடக்கே, மஸ்வெல் ஹில் ஸ்டேஷன் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் நிற்கிறது. கிரேன்லி கார்டன்ஸ் ஸ்டேஷன் இருந்த இடத்திலும் கட்டடம்தான். ஹைகேட்டில் கிளை பிரிந்த இடத்தை ஒட்டி நார்தர்ன் லைன் வண்டிகள் நிற்கும் டிப்போ.

தெற்கே, ஃபின்ஸ்பரி பார்க்கில் நார்தர்ன் சிட்டி லைனின் சுரங்க மேடைகளை 1964-இல் விக்டோரியா லைனுக்காக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாதை ஒரு ஸ்டேஷன் முன்னாலுள்ள டிரேட்டன் பார்க்கோடு நின்றது. இதில் ஒரு வேடிக்கை. 1904-இல் திறந்த அந்தச் சுரங்கத்தைத் தோண்டும்போதே 16 அடி விட்டத்தில் தோண்டினார்கள், பிரதான பாதையின் பெரிய வண்டியே உள்ளே போகட்டும் என்று. கிரேட் நார்தர்ன் கம்பெனியோடு சண்டை வந்து பிரதான பாதை வண்டி வரவேயில்லை. பின்னாளில் குட்டி ட்யூப் வண்டி அந்த அகலச் சுரங்கத்தில் சட்டை தொளதொளக்க ஓடியது. 1976-இல்தான் பிரதான பாதை வண்டி வந்தது. எழுபத்திரண்டு வருஷம்!

#16 பெரம்பூர் பொடியன்

சார், 1954-இல் பயணிகள் வண்டி நின்றது, 1970-களில் தண்டவாளம் எடுத்தார்கள் என்றால் நடுவில் பதினாறு, பதினேழு வருஷம் சும்மாவா கிடந்தது?

#17 கூட்ஸ்கார்டு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், என் பெயரே கூட்ஸ்கார்டு.

நிலக்கரி வண்டி ஓடியது. மஸ்வெல் ஹில் பக்கம் 1957 வரை, ஃபின்ஸ்பரி பார்க் - ஹைகேட் துண்டில் 1960-கள் வரை. வீடுகளில் கரி அடுப்பு எரிந்த காலம், சில ஸ்டேஷன்களை ஒட்டிக் கரி முற்றம் இருக்கும்.

அதைவிடச் சுவையானது ட்யூப் வண்டிகளின் ஊர்வலம். நார்தர்ன் சிட்டி லைன் வண்டிகளைப் பராமரிக்கும் டிப்போ ஹைகேட்டில். ஆனால் அந்த லைன் வேறு எந்த ட்யூபோடும் சேராது. எப்படிக் கொண்டுபோவது? டிரேட்டன் பார்க்கில் மேலே ஏற்றி, இந்தப் பாதை வழியாக இழுத்துப் போனார்கள். பாதையில் மின்சாரம் இல்லையே, அதனால் பேட்டரி எஞ்சின் பூட்டி இழுத்தார்கள். மின்மயமாக்க முடியாத பாதையில் மின்சார வண்டி, மின்சாரம் இல்லாமல், பயணிகள் இல்லாமல், மூடிய ஸ்டேஷன்களைத் தாண்டி ஊர்ந்து போகும். திட்டம் போட்டவர்கள் கண்ட கனவு கிட்டத்தட்ட அப்படியேதான் நடந்தது, ஆட்களை ஏற்றவில்லை என்பதைத் தவிர. 1970-இல் பாலங்கள் பாரம் தாங்காது என்று அதையும் நிறுத்தினார்கள். 1972-க்குள் தண்டவாளத்தைப் பெயர்த்தாயிற்று.

#18 சும்மா வந்தவன்

இதற்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கியிருப்பேன்.

#19 வடலண்டன் நடையன்

இன்று மறுபடி போய்விட்டு வந்தேன், இந்தத் தடவை வடக்குத் துண்டு. மஸ்வெல் ஹில் பக்கம் பதினேழு வளைவுகள் கொண்ட செங்கல் பாலம் ஒன்று செயின்ட் ஜேம்ஸ் லேனுக்கு மேலே போகிறது. அதன் மேலிருந்து பார்த்தால் லண்டன் மொத்தமும் கிழக்கே கேனரி வார்ஃப் வரை விரிந்து கிடக்கிறது. ஆபீஸ் போனவர்கள் தினமும் காலையில் இதைப் பார்த்துக்கொண்டா போனார்கள்? பேப்பர் படித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

கிளி அக்கா, உங்கள் வீட்டுக்குக் கிட்ட வந்தும் சொல்லாமல் திரும்பியதற்கு மன்னிக்கவும், நேரமாகிவிட்டது.

திரும்பும் வழியில் கிரௌச் எண்ட் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கார்டு ஐயா, கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. இரண்டு மேடையில் ஆலி பாலி போகும் வண்டி எந்தப் பக்கம் வரும்?

#20 கூட்ஸ்கார்டு

இங்கேயும் நம் ஊரைப் போல இடப்பக்க ஓட்டம்தான், லண்டனை நோக்கிப் போவது "அப்". ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து நீங்கள் நடந்து வரும் திசையில் இடக்கைப் பக்கம் இருப்பது டவுன் மேடை, அதில் நில்லுங்கள். என்2 வகை டாங்க் எஞ்சின் வரும்.

மதியத்தில் போய் நிற்காதீர்கள். மதிய வண்டியைப் போர்க்காலத்திலேயே எடுத்துவிட்டார்கள்.